மெய்நிகராக்க மேலாண்மை மென்பொருள்கள்: ஒரு மதிப்பீடு

ஒரே வழங்கிக் கணினியில் பல மெய்நிகர் கணினிகளை இயக்குவது மெய்நிகராக்கம். அவற்றை உருவாக்கவும், இடம் மாற்றவும், காப்புநகல் எடுக்கவும் மேலாண்மை மென்பொருள் உதவுகிறது.

விஎம்வேரின் விசென்டர் இத்துறையில் நெடுங்காலமாக முன்னணியில் உள்ளது. இயங்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே வேறு வழங்கிக்கு மாற்றுவது அதன் பலம். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. ஒரு செயலிக்குக் குறைந்தது 16 கோர்களுக்குக் கட்டணம் உண்டு. 8 கோர் கொண்ட சிறு வழங்கிக்கும் அதே தொகைதான்.

2008இல் வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ், ஆஸ்திரியாவில் உருவான திறந்த மூல மென்பொருள். நிறுத்தாமல் இடம் மாற்றும் வசதி இதிலும் உரிமக் கட்டணமின்றிக் கிடைக்கிறது; நிறுவனத்தின் உதவிக்கே சந்தா. இதன் தானியங்கி மீட்புக்குப் பெரும்பான்மை வாக்கு தேவை. எனவே இரண்டு வழங்கிகள் போதா. மூன்றாவது வாக்குக்குச் சிறு கணினி ஒன்றாவது வேண்டும். விலையை மட்டும் பார்ப்போர் இதைக் கவனிப்பதில்லை.

ஏற்காட்டில் ஒன்றிரண்டு வழங்கிகளை வைத்திருக்கும் விடுதிக்கோ காப்பித் தோட்ட அலுவலகத்துக்கோ, பழுது பார்ப்பவர் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரவேண்டும். அவர்களுக்கு வசதிப் பட்டியலின் நீளம் முக்கியமன்று. காப்புநகலிலிருந்து ஒரு கணினியைத் தங்கள் ஊழியரே மீட்க முடிகிறதா, சந்தா முடிந்தால் எவை இயங்கும் என்ற இரண்டையும் வாங்குமுன் சோதித்துப் பார்க்க வேண்டும்.