ஆயிரம் பவுண்டு ஆட்டமும் ஒன்பது குழி மைதானமும்

ஸ்காட்லாந்தின் தென்மேற்குக் கரையில் இருக்கும் டர்ன்பெரி ரிசார்ட்டின் எய்ல்சா மைதானத்தில் முற்பகலில் ஒரு சுற்று கோல்ஃப் ஆட, அங்கே தங்காத வெளியாரிடம் 2025இல் கேட்கப்பட்ட கட்டணம் 1,000 பவுண்டு. அதே நாட்டின் வடமேற்கு மூலையில், டர்னஸ் என்ற சிற்றூரில் ஒன்பது குழிகள் கொண்ட மைதானம் ஒன்று உண்டு. அங்கே ஆட அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. இரண்டும் கடலோரம். காற்றும் மழையும் இரண்டுக்கும் பொது. அப்படியானால் மிச்சப் பணம் எதற்குப் போகிறது?

வெறும் பகட்டுக்கு என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் நியாயமில்லை. எய்ல்சாவில் 1977, 1986, 1994, 2009 என நான்கு முறை கோல்ஃபின் பெரும் போட்டியான ஓபன் நடந்திருக்கிறது. 1977இல் டாம் வாட்சன் ஒரே அடி வித்தியாசத்தில் ஜாக் நிக்லாஸை வென்ற மண் அது. அந்த வரலாற்றோடு, சீராக வெட்டிய புல், முன்பதிவு செய்த நேரம் எல்லாமே கட்டணத்தில் அடங்கும். ஒரு வார விடுப்பில் கடல் கடந்து வருபவருக்கு, ‘குறித்த நாளில், குறித்த நேரத்தில் ஆடுவேன்’ என்ற நிச்சயம் சாதாரணமானதல்ல. ரிசார்ட் விற்கும் முதன்மைச் சரக்கே அந்த நிச்சயம்தான்.

அதன் குறையும் அங்கேயே தொடங்குகிறது. ரிசார்ட் அல்லாத இடத்திலும் இதைப் பார்க்கலாம்: செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய கோல்ஃப் மைதானம் பொது நிலம். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓர் அறக்கட்டளை அதை நடத்துகிறது. ஊரார் குறைந்த ஆண்டுக் கட்டணத்தில் ஆடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது, யார் வேண்டுமானாலும் உலாவலாம். வெளியூர்க்காரர்களுக்குக் குலுக்கல் வழியும் உண்டு. ஆனால் நேரத்துக்கு உறுதி வேண்டுமென்று பலர், விடுதியும் சேர்ந்த பயணத் தொகுப்பை அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். பொதுச் சொத்தில்கூட காத்திருக்க மாட்டேன் என்பவருக்குத் தனி விலை வந்துவிடுகிறது.

நிலமும் விலை கொடுக்கிறது. அபர்டீனுக்கு வடக்கே மெனியில் 2012இல் திறக்கப்பட்ட ஆடம்பர மைதானம், பாதுகாக்கப்பட்ட மணல் மேடுகளின் ஒரு பகுதியில் அமைந்தது. அந்தப் பகுதி தன் இயற்கைச் சிறப்பை இழந்துவிட்டதென்று, 2020இல் அதற்கிருந்த பாதுகாப்புத் தகுதியே நீக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்பது சவுத் யூயிஸ்ட் தீவின் அஸ்கெர்னிஷ். 1891இல் கோல்ஃப் மைதான வடிவமைப்பாளர் ஓல்ட் டாம் மாரிஸ் வகுத்துக் கொடுத்து, பின்னர் மணலிலும் புல்லிலும் தொலைந்துபோன மைதானம் இது. மீண்டும் அடையாளம் காணப்பட்டு 2008இல் திறக்கப்பட்டது. ரசாயனங்களைத் தவிர்த்த பராமரிப்பு; குளிர்காலத்தில் கால்நடைகள் மேயும். டர்னஸில் அதே ஒன்பது குழிகளை இரண்டாம் சுற்றில் வேறு இடங்களிலிருந்து அடித்துப் பதினெட்டாக்கிக்கொள்கிறார்கள். கடைசிக் குழியின் முதல் அடி கடல் புகுந்த பாறைப் பிளவைத் தாண்டிப் போக வேண்டும். இத்தகைய பல மைதானங்களில் வசூலிக்க ஆள் இருப்பதில்லை. உண்டியலில் பணத்தைப் போட்டுவிட்டு ஆடலாம். குறைந்த செலவிலும் ஆட்டத்தின் சுவை குறையாது என்பதற்கு இவையே சாட்சி.

ஆனால் இவற்றைப் புனிதமாக்கவும் வேண்டாம். மலிவு என்பது கட்டணத்தில் மட்டும்தான். நீண்ட சாலைப் பயணம், வானிலை கெட்டால் ரத்தாகும் படகு, அதனால் கூடும் தங்கும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறும். அஸ்கெர்னிஷை மீட்டபோது மேய்ச்சல் உரிமை பறிபோகிறதென்று சில சிறு விவசாயிகள் நில நீதிமன்றம் வரை போனார்கள். எளிய மைதானமும் எவருடைய நிலத்திலோதான் எழுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றின் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் ஊர்க்காரர்களின் கூலியில்லா உழைப்பு இருக்கிறது. புல் வெட்ட முன்வரும் அந்தச் சிலர் ஓய்ந்துவிட்டால் மைதானமும் ஓய்ந்துவிடும்.

ஆக, இரண்டு பக்கமும் யாரோ விலை கொடுக்கிறார்கள். ரிசார்ட்டில் பயணி கொடுக்கிறார். தொலைதூர மைதானத்தில் பெரும்பகுதியை ஊர் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டை மறந்து ‘மலிவே மேல்’ என்று தீர்ப்பளிப்பது பாதி உண்மைதான். ஆனாலும் என் முடிவு சிறு மைதானத்தின் பக்கமே. புகழ்பெற்ற பெயர்களை மட்டும் கோத்த பயணத்தில் ஸ்காட்லாந்து கோல்ஃபின் கண்காட்சி தெரியுமே தவிர, கோல்ஃப் அங்கே ஊர் வாழ்க்கையின் பகுதியாக இருப்பது தெரியாது. ஆசைக்கு ஒரு பெரிய மைதானம் போதும். மிச்ச நாட்களைச் சிற்றூர்களுக்குக் கொடுங்கள். அங்கேயே தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். உண்டியலில் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள்.