இரட்டைக் கார்புரேட்டரின் சுருதி

சாவியைத் திருப்பினால் எஞ்சினுக்கு முன்னால் பெட்ரோல் பம்பு பேசிவிடும். டிக்டிக்டிக் என்று அவசரமாகத் தொடங்கி, கார்புரேட்டர்களின் மிதவை அறைகள் நிறைய நிறைய நிதானப்பட்டு, நிறைந்ததும் நின்றுவிடும். நின்ற பிறகுதான் ஸ்டார்ட்டரை இழுக்க வேண்டும். எஸ்யு கம்பெனியின் மின்பம்பு அது. எஞ்சினுக்கும் நம் முழங்காலுக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவரில்தான் பொருத்தியிருக்கிறார்கள் என்பதால் ஒவ்வொரு துடிப்பும் காதில் விழும். நிற்காமல் படபடத்தால் வழியில் எங்கோ காற்றை இழுக்கிறது என்று பொருள். நின்ற பின்பு, ஸ்டார்ட் செய்யாமலே, விட்டுவிட்டு ஒரு டிக் கேட்டால் மிதவை அறையின் ஊசி வால்வு சரியாக அமரவில்லை, பெட்ரோல் கசிகிறது. பானெட்டைத் திறக்காமலே இவ்வளவும் தெரிந்துவிடும்.

என் கார் 1948-ல் இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் செய்த எம்ஜி டிசி. இன்று நம் சாலைகளில் ஓடும் எம்ஜி ஹெக்டரின் நெற்றியிலும் அதே எண்கோணச் சின்னம்தான் இருக்கிறது. மற்றபடி இரண்டுக்கும் உறவு மெல்லியது. எம்ஜியை வளர்த்தெடுத்த செசில் கிம்பர் 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ரயில் விபத்தில் இறந்துபோனார். போர் முடிந்து அதே ஆண்டில் டிசி வெளிவந்தது. 1949 வரைக்கும் ஏறத்தாழ 10,000 கார்கள். 1250 சிசி, 54 குதிரைத்திறன். இன்றைய சின்ன ஹாட்ச்பேக்குகூட இதைவிட அதிக சக்தி தரும். ஆனால் முழங்கை வெளியே தொங்குகிற அளவுக்கு வெட்டிய கதவும், தரையை ஒட்டிய இருக்கையும், மடக்கிப் படுக்கவைக்கக்கூடிய முன்கண்ணாடியும் சேர்ந்து அறுபது கிலோமீட்டர் வேகத்தையே பெரிய வேகமாக உணரச் செய்துவிடும். ஹைதராபாத் போன்ற ஊரில் அது வரம்.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று கண்ணுக்கே தெரியாது. எஞ்சினின் போல்ட்டுகளைச் சொல்கிறேன். அவற்றின் தலை ஆங்கிலேய அளவு. விட்வொர்த் ஸ்பேனர்தான் பிடிக்கும். கழற்றிப் பார்த்தால் மரை பிரெஞ்சு மெட்ரிக்! முதல் உலகப் போரில் பாரிஸ் அருகே இருந்த தன் தொழிற்சாலை ஜெர்மானியர் கையில் சிக்கிவிடுமோ என்று அஞ்சிய ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுதக் கம்பெனி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை போட்டது. போருக்குப் பின், 1923-ல், எம்ஜியின் உரிமையாளரான கார் தயாரிப்பாளர் மோரிஸ் அதை வாங்கினார். மரை வெட்டும் இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக். அவற்றை மாற்றினால் செலவு. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரையைப் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டு தலையை மட்டும் ஆங்கிலத்தில் அமைத்துவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழித்து என் காரின் எஞ்சினிலும் அந்த ஏற்பாடு அப்படியே இறங்கியிருக்கிறது. ஒரு போர், ஓர் அச்சம், ஒரு சிக்கனம் மூன்றும் சேர்ந்து விரல் கனத்தில் ஒரு போல்ட்டாகி நிற்பதைப் பார்த்தால் அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

செலவும் அங்கேதான் தொடங்குகிறது. எட்டு மில்லிமீட்டர் போல்ட் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். அதன் மரைக்கு மரை தூரம் 1.25 மில்லிமீட்டர். இந்த எஞ்சினுக்கு வேண்டியது 1 மில்லிமீட்டர். கடை போல்ட் இரண்டு சுற்று ஒழுங்காக நுழையும், பிறகு இறுகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் எஞ்சின் பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். எனவே இங்கிலாந்திலிருந்து வரவழைத்து, கூரியருக்கும் சுங்கத்துக்கும் போல்ட்டின் விலையைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் லேத்தில் வெட்ட வேண்டும். செகந்தராபாத்தின் ராணிகஞ்சில், பேரிங்கும் பெல்ட்டும் ரப்பரும் விற்கும் கடைகளுக்கு இடையில், இன்னும் கையால் அளந்து மரை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரின் கைவேலைக்கு ஒரு பரம்பரை உண்டு. லாலாகூடா ரயில்வே பட்டறை பத்தொன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1942-ல் தொடங்கிய ஹைதராபாத் ஆல்வின் பஸ் கூடு கட்டியது. 1943-ல் பிராகா டூல்ஸ் வந்தது. அந்தக் கம்பெனிகள் மங்கிய பின்னும் கைப்பழக்கம் சந்துகளில் தங்கிவிட்டது என்றே நான் நம்புகிறேன். மரை அளக்கும் சீப்புத் தகட்டை போல்ட்டின் மேல் வைத்து, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பல்லுக்கும் மரைக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்க்கிற நிதானத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் முடியும்.

கார்புரேட்டர் இரண்டு. எஸ்யு என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் கூட்டு. செருப்பு வியாபாரக் குடும்பம். அதனால்தானோ என்னவோ, அவர்களுடைய முதல் கார்புரேட்டரில் காற்றின் இழுப்புக்கு ஏறி இறங்கியது தோலால் செய்த துருத்தி. பின்னால் தோல் போய் உலோகப் பிஸ்டன் வந்தது. வேலை செய்யும் விதம் மாறவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கிறது. அந்த இழுப்பே பிஸ்டனைத் தூக்குகிறது. பிஸ்டனின் அடியில் தொங்கும் ஊசி, கீழே உள்ள துளையிலிருந்து மேலெழுகிறது. ஊசி நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போவதால், ஏற ஏறத் துளையின் ஓரத்தில் இடைவெளி அகன்று பெட்ரோல் கூடுகிறது. வேகத்துக்கு வேகம் எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கு முழுவதும் அந்த ஊசியின் மெலிவில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றைய காரில் அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது, துல்லியமாகவே செய்கிறது. ஆனால் அந்தக் கணக்கை விரலிடுக்கில் எடுத்து உருட்டிப் பார்க்க இயலுமா?

இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் உஸ்தாத் அதற்கு மீட்டர் வைப்பதில்லை. ஒரு முழ நீள ரப்பர் குழாய். ஒரு முனை காதில், மறுமுனை முதல் கார்புரேட்டரின் வாயில். உஸ்ஸ் என்ற ஒலியைச் சற்று நேரம் கேட்டுவிட்டு அடுத்ததற்கு மாற்றுவார். ஒன்று கனமாகவும் மற்றது கீச்சாகவும் இருந்தால் திருகைக் கால் சுற்று. மறுபடி குழாய். கச்சேரிக்கு முன் தம்புராவின் தந்தியைப் புரடையால் நெருடி நெருடிச் சுருதி சேர்க்கிறவரின் முகம்தான் அப்போது அவருக்கு. நான் வாயைத் திறந்தால், கண்ணைத் திறக்காமலே, "ஜல்தி நக்கோ, சாப்" (அவசரம் வேண்டாம், ஐயா) என்பார். இரண்டு ஒலியும் ஒன்றானதும் பெட்ரோல் கலவை. பிஸ்டனை மயிரிழை தூக்கிப் பார்ப்பது: எஞ்சின் வேகமெடுத்து அதே வேகத்தில் நிலைத்தால் பெட்ரோல் அதிகம், திக்கி அணையப் போனால் குறைவு, ஒரு கணம் லேசாக ஏறித் தன் நடைக்குத் திரும்பினால் சரி. அந்த ஒரு கண ஏற்றத்தைக் கேட்கவே அரைநாள் போகும். பணமும் போகும், மனம் நிறைந்தும் போகும்.

ஏப்ரல், மே மாதங்கள் வேறு விஷயம். தக்காணத்தின் பாறை வெயில் நாற்பதைத் தாண்டும்போது, சுவரில் இருக்கும் பம்பு எஞ்சினின் சூட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். சிக்னலில் நின்றால் எஞ்சின் முனகி அணைய, பம்பு மட்டும் இழுக்க எதுவும் கிடைக்காமல் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். வைத்தியம் எளியது: பம்பின் மேல் ஈரத்துணி. படபடப்பு மெல்ல மெல்ல டிக்… டிக்… என்று அடங்கும்வரை பானெட்டின் ஒரு பக்கத்தை உயர்த்தி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் நான்கு பேர் கூடி ஆளுக்கொரு யோசனை சொல்லிவிடுவார்கள். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். ஆபிங்டனிலும் பிறகு தெரிந்திருக்க வேண்டும். 1953-ல் வந்த எம்ஜி டிஎஃப் ரகத்தில் பம்பைக் காரின் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள்.

எத்தனால் புதிய செலவு. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1948-ன் ரப்பரை அது ஊறவைத்து மென்மையாக்கிவிடும். டாங்கியின் உட்சுவரில் படிந்த பழைய கசடையும் கழுவிக் கொண்டுவந்து ஃபில்டரில் சேர்க்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 தரக் குழாயாக எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். மேலே பழைய மாதிரிப் பின்னல் உறையைப் போர்த்திவிட்டால் பார்வைக்குப் பழைமை கெடாது. பாதுகாப்புக்கும் அழகுக்கும் ஒரே நேரத்தில் செலவழிக்கும் வாய்ப்பு அபூர்வம் என்பதால் இந்தச் செலவை நான் மனமுவந்து செய்கிறேன்.

இந்த ஊரில் காருக்குப் பணம் செலவழிப்பது பற்றிப் பேசினால் நிஜாம்களைத் தவிர்க்க முடியாது. சௌமஹல்லா அரண்மனையில் ஒரு மஞ்சள் ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நிற்கிறது. ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கான் 1911-ல் ஆர்டர் கொடுத்தார், கார் வருமுன் காலமானார், அது மகன் உஸ்மான் அலி கானுக்கு வந்து சேர்ந்தது. பார்க்கர் கம்பெனி கட்டிய கூடு. பின்னிருக்கை சிம்மாசனம்போல உயர்ந்தது. மூன்று பதிற்றாண்டுகளுக்கு மேல் அரண்மனையில் இருந்தும் 356 மைல்தான் ஓடியதாகச் சொல்வார்கள். வேலைப்பாட்டுக்காக அதன் முன் நெடுநேரம் நிற்கலாம், நின்றிருக்கிறேன். ஆனால் நிஜாமின் கராஜைப் பற்றி வரலாற்றாசிரியர் வில்லியம் டால்ரிம்பிள் எழுதியிருப்பது அதைவிட மனத்தில் தைக்கிறது: அறுபது கார்களுக்கு ஆண்டுதோறும் பெட்ரோலும் உதிரிபாகமும் என்று பெருந்தொகை போயிருக்கிறது, ஓடும் நிலையில் இருந்தவையோ நான்கே. 1967-ல் புதிய நிஜாமைப் பட்டமேற்பின்போது அழைத்துப்போக வேண்டிய காரே நின்றுவிட்டதாம். பணம் காரை ஓட்டிவிடாது. ஓடாத காரில் சீல்கள் காயும், பிரேக் சிலிண்டர் துருவேறும், பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சூடேற ஓட்டுகிறவரின் கார்தான் பிழைக்கும். அதற்குக் கஜானா தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழும் பழக்கம் போதும்.

பழைய கார்களை ஓட்டிப் பேணுவதைச் சட்டமும் இப்போது ஓரளவு அங்கீகரிக்கிறது. 2021-ல் வந்த விதிப்படி ஐம்பது வயதைத் தாண்டிய, அமைப்பு மாறாத கார்களை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். முன்பே பதிவான கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது என்று வரம்பு உண்டு.

சக்கரத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். பத்தொன்பது அங்குலம், ஒவ்வொன்றிலும் 48 கம்பிகள். நடுவில் இரண்டு காது வைத்த ஒற்றை நட்டு. செம்புச் சுத்தியலால் காதைத் தட்டிக் கழற்ற வேண்டும். இரும்புச் சுத்தியல் பட்டால் காது சிதையும். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசையில், ஓட ஓட நட்டு தானே இறுகும்படி. கம்பி தளர்ந்ததா என்று பார்க்க ஸ்பேனரின் பின்பக்கத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வருவார் உஸ்தாத். இறுகியது கணீரென்னும், தளர்ந்தது சொத்தென்னும்.

உடல்கூட்டின் எலும்பு மரம். இங்கிலாந்தின் ஆஷ் மரச் சட்டங்களின் மேல் தகடு போர்த்தியிருக்கிறது. ஹைதராபாத்தின் வறண்ட கோடையில் மரம் சுருங்கி, ஸ்க்ரூ தளர்ந்து, கதவு தொங்கும். ஜூலை மழையில் ஊதி இறுகும். அழுகிய ஒரு சட்டத்துக்குத் தேக்கு போடலாம் என்றார் தச்சர். தேக்கு நல்ல மரம், நம் மரம். ஆனாலும் ஆஷ் வளைந்து கொடுக்கும். குண்டு குழியில் கூடு முழுவதும் மெல்ல முறுகித் திரும்புவதை அதுதான் தாங்குகிறது. ஆஷ் வருவதற்குக் காத்திருந்தோம். பொருத்தும்போது தச்சர் இழைப்புளியை ஒவ்வொரு இழுப்புக்கும் நிறுத்தி, சுருளை எடுத்து முகர்ந்து பார்த்தார். அறிமுகமில்லாத மரத்தோடு அவர் பழகிய விதம் அது.

எங்கள் மாரேட்பள்ளியிலிருந்து டேங்க் பண்ட் வழியாக கண்டிப்பேட்டை ஏரிப் பக்கம் போய்வந்தால் எஞ்சினுக்கும் போதும், எனக்கும் போதும். டிசியின் டேஷ்போர்டில் ஓட்டுகிறவர் எதிரே இருப்பது எஞ்சினின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர். வேகம் காட்டும் கடிகையோ பக்கத்து இருக்கைக்கு முன்னால். ஓட்டுகிறவருக்கு எஞ்சின் போதும், வேகத்தை மற்றவர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். என் மனைவி அதைப் படித்துச் சொல்லிக்கொண்டே வருவாள், மைல் கணக்கில். முகப்பில் ஒரு பச்சை விளக்கும் உண்டு. பிரிட்டனில் ஊர்ச்சாலைகளுக்கு 1935-ல் வந்த முப்பது மைல் வரம்புக்காக வைத்தது. இருபதில் எரியும், முப்பதில் அணையும். அது அணையும்போதெல்லாம், "விளக்குப் போயிடுச்சுங்க, மெதுவா" என்பாள். மூன்றாம் கியரில் காலை எடுத்தால் எக்ஸாஸ்ட்டில் சிறு பொரிச்சத்தம் வரும். போன வாரம் அது கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. மேனிஃபோல்ட் கேஸ்கட்டாக இருக்கும் என்கிறார் உஸ்தாத். ஆர்டர் போட்டிருக்கிறேன், கூடவே நாலு போல்ட்டும்.