சாயம் மாற்றிய லில்லி

மாரி மழை தொடங்கினால் வன்னியின் வேலியோரங்களிலும் பற்றைகளிலும் கார்த்திகைப்பூக் கொடி ஏறி மலரும். மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களில் அதே பூவைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வீதிகளின் பதாகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் காணலாம். பதாகைப் பூவைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பல இடங்களில் அது கார்த்திகைப்பூவே அல்ல. எங்கோ ஒரு படக்களஞ்சியத்தில் இருந்து இறக்கிய லில்லி. சிவப்பும் மஞ்சளும் ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஆருக்குத் தெரியப்போகுது? கலர் சரிதானே.” அச்சக மேசையில் சமாளிப்பாகப் பிறந்த இந்தப் பதில் இன்று ஒரு கொள்கையாகவே வளர்ந்துவிட்டது. கீறுவதெல்லாம் பழைய காலத்து வேலை. வெக்டர் பைல் ஒன்றை இறக்கி, துண்டுகளைப் பிரித்து அடுக்கி, நிறம் மாற்றத் தெரிந்தவரே டிசைனர் என்று வாதிடுகிறார்கள். 2023இல் அடோபி இலஸ்ட்ரேட்டருக்குள் செயற்கை நுண்ணறிவு புகுந்து, விரும்பிய மனநிலையைச் சொல்லால் தட்டச்சு செய்தாலே படத்தின் நிறங்களை மாற்றித் தரத் தொடங்கிய பிறகு இந்தக் கட்சிக்கு இன்னும் தெம்பு.

இந்த முறையின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. பின்னணி ஒரு லேயர், படம் ஒரு லேயர், எழுத்து ஒரு லேயர் என்று பிரித்து வைத்த பைலை ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்தாலும் வேலை ஓடும். இலஸ்ட்ரேட்டரில் ஒரு நிறத்தை ‘குளோபல்’ ஆக்கி வைத்தால், அதை ஓரிடத்தில் மாற்றும்போது படம் முழுவதும் மாறும். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒரே பதாகை, ஒரே ஓட்டக்காரன். சிவப்பு இல்லத்துக்கு ஒன்று, நீல இல்லத்துக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று. ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் ஓட்டோ நியூரத்தும் ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸும் வியன்னாவில் வளர்த்த ஐசோடைப் படமொழியும் இதே தத்துவத்தில்தான் நின்றது: ஒரே மனித உருவம், நிறம் மாறினால் வேறு தொகுதி மக்கள்.

ஆனால் ஆர்ன்ட்ஸ் அந்த மனித உருவத்தைத் தானே லினோத் தகட்டில் செதுக்கினார். நிறம் மாற்றும் வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. வன்னியில் இன்று நடப்பது அந்த முதற்படியை அப்படியே தாண்டிப் போகும் வேலை.

லில்லிக்கே திரும்பலாம். படக்களஞ்சியங்களில் அதிகம் புழங்குவது பூங்கொத்துக் கடைகளில் காணும் ஸ்டார்கேசர் வகை: ஆறு இதழ், நட்சத்திரம் போல் அகல விரிந்த முகம், நடுவில் கடும் இளஞ்சிவப்பு, ஓரத்தில் வெள்ளை. கோரல் ட்ரோவில் திறந்தால் குரூப்புக்குள் குரூப், அதற்குள் இன்னொரு குரூப். கொன்ட்ரோல் யூவை அழுத்தி அழுத்திப் பிரித்தெடுத்தால், ஒரே இதழுக்குள் பத்துப் பன்னிரண்டு வேறு வேறு இளஞ்சிவப்புகள். இத்தனையையும் கையால் மாற்ற ஆருக்குப் பொறுமை இருக்கிறது? இலஸ்ட்ரேட்டரின் நிறமாற்றுக் கருவி இந்த இடத்தில் கைகொடுக்கிறது. 2007இல் ‘லைவ் கலர்’ என்ற பெயரில் வந்து பின்னர் பெயர் மாறியது அது. நிறங்களை இரண்டாகக் குறை, சிவப்பையும் மஞ்சளையும் கொடு என்றால் நொடியில் முடித்துவிடும்.

பிழை தொடங்குவதும் அங்கேதான். படத்தில் கடுமையாக இருந்த இடம் கடுமையாகவும் வெளிறிய இடம் வெளிறியும் இருந்தால் கருவிக்குத் திருப்தி. ஆகவே பூவின் நடு சிவக்கிறது, ஓரம் மஞ்சளாகிறது. வேலியில் பூத்திருக்கும் கார்த்திகைப்பூவின் இதழுக்கோ அடி மஞ்சள், நுனி சிவப்பு. கவனமான டிசைனர் இதைக் கண்டுபிடித்து நிறங்களை மாற்றிப் போட்டுவிடுவார். அவர் அப்படிச் செய்து நிறம் முழுவதும் சரியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது லில்லிதான்.

ஏனென்றால் கார்த்திகைப்பூவின் அடையாளம் நிறத்தில் பாதிதான். அதன் இதழ்கள் விரிந்து கிடப்பதில்லை. பின்னோக்கி மடங்கி, நெருப்பு நாக்குகள் போல் மேலே எழும். ஓரங்கள் நெளிநெளியாக அலைபாயும். கேசரங்கள் ஆறும் இதழ்களோடு எழாமல் கீழே சக்கரத்தின் ஆரங்கள் போல் சுற்றிவர நீட்டிக்கொண்டிருக்கும். சூல்தண்டு சூலகத்தை விட்டு நேராக வராது. முளைத்த இடத்திலேயே கிட்டத்தட்டச் செங்கோணமாக ஒரு பக்கம் திரும்பிவிடும். இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாகி அருகிலிருக்கும் எதையாவது பிடித்துக்கொள்ளும். இவற்றில் ஒன்றுகூட லில்லிப் படத்தில் இல்லை. நிறத்தை ஆயிரம் தடவை மாற்றினாலும் வரப்போவதும் இல்லை. தாவரவியலாளர்கள் ஒரு காலத்தில் இந்தச் செடியை லில்லிக் குடும்பத்தில்தான் சேர்த்திருந்தார்கள் என்று வாதாட யாராவது வரக்கூடும். அந்தத் தாவரவியலாளர்களே பின்னர் அதை அங்கிருந்து எடுத்துத் தனியே கோல்சிகேசியே குடும்பத்தில் வைத்துவிட்டார்கள்.

இந்தப் பூவுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது தானே நிறம் மாறும் பூ. மொட்டு பச்சையாகத் தலைகுனிந்து தொங்கும். இதழ்கள் விரிந்து மேலே மடங்கும்போது மஞ்சள் ஏறும். நாள் செல்லச் செல்லச் சிவப்பு படர்ந்து கடைசியில் முழுப் பூவும் சிவக்கும். ஒரே கொடியில் ஒரே நாளில் இந்தப் பருவங்கள் எல்லாவற்றையும் பார்க்கலாம். அதாவது இயற்கையும் இங்கே நிறமாற்றம்தான் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு நிறத்துக்கும் இதழின் நிலையும் மாறுகிறது. பச்சை என்றால் கவிழ்ந்த மொட்டு, சிவப்பு என்றால் முற்ற மடங்கிய இதழ். உருவத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் கருவியால் எட்ட முடியாத இடம் இது. தமிழ்நாடு செங்காந்தள் என்று மாநில மலராக்கியதும், சிம்பாப்வே தேசிய மலராக வைத்திருப்பதும் இதே பூவைத்தான். ஆகவே சரியான படம் உலகத்தில் எங்குமே கிடைக்காத அபூர்வப் பொருள் என்றும் சொல்லித் தப்ப முடியாது.

பூவோடு முடிந்தால் பரவாயில்லை. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில் வருவது. பாக்குத்தெண்டல், தீர்த்தமெடுத்தல் என்று அதற்கே உரிய முறைகள் உண்டு. சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரியும். பிறகு வற்றாப்பளையில் விடிய விடியப் பொங்கல். ஆனால் ‘பொங்கல் வெக்டர்’ என்று தேடினால் வருவது தைப்பொங்கல்: கரும்பு, உதிக்கும் சூரியன், கொம்பில் பலூன் கட்டிய மாடு. பொங்கலுக்கு இறக்கிய பொதி பொங்கலுக்கே உதவும்தானே என்று நிறத்தைக் குங்குமச் சிவப்பாக்கி வைகாசி நோட்டீசுக்கும் அதைப் போட்டால், இரவில் நடக்கும் மடைக்கு மேலே காலைச் சூரியன் சிவப்பாக உதித்துக்கொண்டிருக்கும். கடல்நீரில் எரியும் விளக்கு எந்தப் பொதியிலும் இல்லாததால் நோட்டீசிலும் இடம்பெறாது. அந்தப் பொங்கலை மற்றப் பொங்கல்களில் இருந்து பிரித்துக் காட்டும் காட்சி அதுதான்.

வயலுக்கும் இதே கதிதான். இரணைமடுத் தண்ணீரில் விளையும் நெல்லைப் பற்றிய பதாகையில் விறைத்து நிற்கும் கோதுமைக் கதிர், பச்சை பூசப்பட்டு. லாண்ட்மாஸ்டர் நிற்க வேண்டிய இடத்தில் ஐரோப்பியப் பண்ணையின் பெரிய உழவு இயந்திரம். விவசாயி தலையில் வைக்கோல் தொப்பி. தோலின் நிறத்தை மட்டும் ஒரு படி கருப்பாக்கிவிட்டார்கள். இந்தக் கடைசி மாற்றத்தை ‘உள்ளூர்மயமாக்கல்’ என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை எந்தப் பெயரில் அழைப்பது என்பதை வாசகரிடமே விட்டுவிடலாம்.

நிறம் முக்கியமில்லை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வன்னியில் நிறம் உயிர் காத்த சரித்திரம் உண்டு. முகமாலையில் கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்பு அடையாளங்களைத் தாண்டக் கூடாது என்பது அங்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கு நிற்கும் எச்சரிக்கைப் பலகைகளிலும் சிவப்பு தனியே நிற்பதில்லை. மண்டையோட்டின் உருவமும் அதோடு நிற்கிறது. வாசிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்தே விலகுகிறார்.

உருவம் தனியே என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ நூலுக்காக, போரால் வீடிழந்தவர்கள் தங்கள் வீடுகளை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். கிணறு எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம் என்று ஓவியம் பயிலாத கைகள் இழுத்த வெறும் கோடுகள். அவற்றில் அழகான வண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு வீடு இன்னொரு வீடாக மாறிப்போகவில்லை.

நேரமும் காசும் பற்றிய வாதம் நியாயமானதுதான். ஒரு நோட்டீசுக்குக் கிடைக்கும் கூலிக்கு அரை நாள் இருந்து பூ கீற யாராலும் முடியாது. ஆனால் ஒவ்வொரு நோட்டீசுக்கும் ஏன் கீற வேண்டும்? கார்த்திகைப்பூவை மொட்டிலிருந்து முற்றிய சிவப்பு வரை ஒருமுறை ஒழுங்காகக் கீறி, இதழ், கேசரம், தண்டு, இலை என்று லேயர்களுக்குத் தமிழிலேயே பெயர் வைத்து, நிறங்களைக் குளோபல் ஆக்கி வைத்தால் அந்தப் பைல் வருடக்கணக்கில் உழைக்கும். நிறமாற்றுக் கருவி உண்மையிலேயே பயன்படுவது அப்போதுதான். கோரல் ட்ரோவில் எஃப்10 விசையை அழுத்தினால் கோட்டின் கணுப்புள்ளிகள் (நோட்) தெரியும். அவற்றை இழுத்து வளைக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வேலை எட்டாக்கனி அல்ல. வகுப்புகளில் அந்த விசைக்கு ஒரு நாள், நிறமாற்றத்துக்கும் பொதி இறக்கவும் மிச்ச நாளெல்லாம் என்று போனால், குறை பிள்ளையிடம் இல்லை.

வாடிக்கையாளர் ஒன்றும் சொல்வதில்லையே என்பது கடைசி வாதம். உண்மைதான். உபயகாரரின் தலைப்பெழுத்து ஒன்று மாறிவிட்டால் முழு நோட்டீசையும் திருப்பி அடிக்கச் சொல்லும் கோயில் நிர்வாகம், படத்தில் வெளியூர்ச் சூரியன் உதித்தால் வாய் திறப்பதில்லை. ஆனால் அவர்களிடம் அதை யாரும் கேட்டதும் இல்லை. புரூவ் தாள் போகும்போது எழுத்துப்பிழை பார்த்துத் தாருங்கள் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். படத்தையும் பார்த்துத் தாருங்கள், இது உங்கள் கோயிலின் விளக்குத்தானா என்று கேட்டு அனுப்பும் அச்சகம் இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது.