மியூசிக்-என் மொழிகளில் பெயரிடும் மரபு

மியூசிக்-என் என்பது பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் 1957-இல் எழுதிய மியூசிக் I நிரலையும் அதன் வழிவந்த கணினி இசை மொழிகளையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இம்மொழிகளில் வேரூன்றிய பெயர்கள் பல இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றுள் சில கற்பவருக்குத் துணை செய்கின்றன, சில தடையாகின்றன.

தோற்றம்

மியூசிக் I ஐபிஎம் 704 கணினியில் இயங்கியது. ஒரே குரலில் முக்கோண அலையை மட்டும் ஒலித்தது. மியூசிக் III-இல் ‘அலகு ஆக்கி’ என்னும் கருத்து வந்தது. அலைவு ஆக்கி, கூட்டி போன்ற சிறு அலகுகளை இணைத்துப் பயனரே ஓர் ஒலிக்கருவியை அமைத்துக்கொள்ளலாம். அவ்வமைப்புக்கு ‘இசைக்கருவி’ என்றும், அதை ஒலிக்கச் செய்யும் கட்டளைக்குச் ‘சுரம்’ என்றும் பெயர். பின்னர் இசைக்கருவிகளின் தொகுப்பு ‘வாத்தியக்குழு’ எனவும், சுரங்களின் பட்டியல் ‘இசைக்குறிப்பு’ எனவும் வழங்கின. கணினியை அறியாத இசையமைப்பாளரும் எது எங்கே எழுதப்படும் என்பதை இப்பெயர்களாலேயே ஊகிக்க முடிந்தது. இது இம்மரபின் பெரும் நன்மை.

எழுத்துச் சிக்கனம்

ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட மியூசிக் V-இன் கட்டளைகள் மூன்றெழுத்துச் சுருக்கங்கள். அலைவு ஆக்கி ‘ஓஎஸ்சி’ ஆனது. சுரத்துக்குரிய ‘நோட்’ என்ற சொல் கடைசி எழுத்தை இழந்து, ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள்படும் ‘நாட்’ ஆகிவிட்டது. சுரத்தின் அளவுகள் பெயரின்றி பி1, பி2 என எண்களால் குறிக்கப்பட்டன. எழுதுவது எளிதாயிற்று, ஆனால் பி5 சுருதியா, ஒலியளவா என்பதைக் கருவியின் வரையறையைப் பார்த்தே அறிய வேண்டும்.

முதலெழுத்து விதி

பேரி வெர்கோ மியூசிக் 11-இல் கட்டுப்பாட்டு வீதத்தைப் புகுத்தினார். மெதுவாக மாறும் மதிப்புகளை ஒலி மாதிரிகளைவிடக் குறைந்த தடவையே கணக்கிட்டால் கணினியின் நேரம் மிச்சமாகும். அவர் 1986-இல் வெளியிட்ட சிசவுண்டில் மாறியின் முதலெழுத்தே அதன் வீதத்தைச் சொல்கிறது: ‘ஐ’ என்றால் சுரத்தின் தொடக்கத்தில் மட்டும், ‘கே’ என்றால் கட்டுப்பாட்டு வீதத்தில், ‘ஏ’ என்றால் ஒலி வீதத்தில். பெயர் ஐ முதல் என் வரையிலான எழுத்தில் தொடங்கினால் முழு எண் எனக் கொள்ளும் ஃபோர்ட்ரான் வழக்கமும் இதே வகையானது.

திறனாய்வு

நிரலைப் படிப்பவருக்கு இவ்விதி உதவுகிறது. எந்த வரியிலும் மாறியின் வீதம் கண்முன் நிற்கும். எழுதுபவருக்கோ இது கண்ணி. வீச்சுக்கு இயல்பாக ‘ஆம்ப்’ என்று பெயரிட்டால் அது ‘ஏ’ எழுத்தில் தொடங்குவதால் ஒலி வீத மாறி ஆகிவிடும். ‘இண்டெக்ஸ்’ என்று பெயரிட்டால் அம்மதிப்பு சுரம் முடியும்வரை மாறாது. ‘ஐ’ எழுத்துக்கு இரட்டைப் பொருளும் உண்டு: வாத்தியக்குழுவில் அது தொடக்க மதிப்பு, இசைக்குறிப்பில் கருவியை ஒலிக்கச் செய்யும் கட்டளை. மேலும், ‘சுரம்’ என்ற பெயர் தொடக்கமும் முடிவும் உள்ள தனித்தனி நிகழ்வுகளாகவே இசையை எண்ணத் தூண்டுகிறது. இடைவிடாது உருமாறும் ஒலிக்கு அது பொருந்தாது.

பின்வந்தோர் மாற்று வழி கண்டனர். மில்லர் பக்கெட்டின் பியூர் டேட்டாவில் ஒலி வீத அலகின் பெயர் அலைக்குறியில் முடிகிறது. ஜேம்ஸ் மெக்கார்ட்னியின் சூப்பர்கொலைடர் வீதத்தை அலகை அழைக்கும் இடத்தில் ‘ஏஆர்’, ‘கேஆர்’ என வெளிப்படையாகக் கேட்கிறது. மாறியின் பெயரைப் பயனரிடமே விட்டுவிடுகிறது. இவற்றுள் கடைசி வழியே சிறந்தது. பெயர் பொருளைச் சொல்ல, வீதத்தை வேறோர் இடம் சொல்வதால் இரண்டும் மோதுவதில்லை.