பெயரைப் பார்க்கிறோம், எதிரே நிற்பவரைப் பார்ப்பதில்லை

2025 விம்பிள்டனில் ஆண்கள், பெண்கள் ஒற்றையர் பிரிவுகளில் போட்டித் தரநிலை பெற்றிருந்த 64 பேரில் 23 பேர் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஆண்களில் 13 பேர், பெண்களில் 10 பேர். மூன்றாம் நிலையில் இருந்த ஸ்வெரெவ், ஒன்பதாம் நிலையில் இருந்த மெத்வதேவ், பெண்களில் இரண்டாம், மூன்றாம் நிலைகளில் இருந்த கோகோ காஃப், ஜெசிகா பெகுலா எல்லோரும் முதல் ஆட்டத்தோடு கிளம்பினார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க உலகெங்கும் டென்னிஸ் ரசிகர்கள் யார் கோப்பையை வெல்வார், யார் அதிர்ச்சி கொடுப்பார் என்று மும்முரமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு கவிழ்ந்த பிறகு அந்த விவாதங்களால் என்ன பயன் என்று யாருக்கும் தோன்றும். பயன் உண்டு என்பதே என் கட்சி. அது எங்கே இருக்கிறது, எங்கே கெட்டுப்போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த விவாதத்தின் உயிர், யார் யாரோடு மோதுவார் என்று காட்டும் டிராவில் இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது வெளியாகும். ஒரு பிரிவுக்கு 128 பேர், ஏழு சுற்று. முதல் இரண்டு நிலைக்காரர்கள் வெவ்வேறு பாதியில் வைக்கப்படுவார்கள். தரநிலை பெற்ற 32 பேரும் முதல் இரண்டு சுற்றுகளில் ஒருவரோடு ஒருவர் மோதமாட்டார்கள். மற்றவர்கள் எங்கே விழுவார்கள் என்பது குலுக்கலின் கையில். ஆகவே தரநிலை கிடைக்காத, ஆனால் நல்ல ஆட்டத்தில் இருக்கிற ஒருவர் பெரிய பெயருக்கு எதிரே முதல் நாளே வந்து நிற்கலாம். இதைக் கண்டுபிடித்துச் சொல்கிற ரசிகர்தான் விவாதத்துக்கு மதிப்புத் தருகிறார்.

காஃபின் தோல்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 7 அன்று பாரிஸ் களிமண் தரையில் சபலென்காவை வீழ்த்தி பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்றவர். விம்பிள்டனுக்கு முன் புல்தரையில் அவர் ஆடியது பெர்லினில் ஒரே ஒரு ஆட்டம், அதிலும் தோல்வி. எதிரே விழுந்தவர் உக்ரைனின் தயானா யாஸ்ட்ரெம்ஸ்கா. அவரோ அதே மாதம் நாட்டிங்காமில் புல்தரையிலேயே இறுதி ஆட்டம் வரை போய் வந்தவர். பந்தைத் தட்டையாக, கடுமையாக அடிப்பவர். தாழ எழும்பும் புல்தரைக்கு அந்த அடி பொருந்தும். 6-7, 1-6 என்று காஃப் தோற்றார். அந்த ஆட்டத்தில் மட்டும் அவரிடமிருந்து ஒன்பது டபுள் ஃபால்ட். மூன்று வாரக் கணக்கைக் கையில் வைத்திருந்தவருக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. "பிரெஞ்சு ஓபன் சாம்பியன்" என்ற பட்டத்தை மட்டும் பார்த்தவருக்குத்தான் இடி விழுந்ததுபோல் இருந்தது.

ஆனால் இந்தக் கணக்கையும் வேதவாக்காகக் கொள்ள முடியாது. பாட் ஹோம்பர்க் புல்தரைப் போட்டியின் இறுதி ஆட்டம் விம்பிள்டன் தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை நடந்தது. பெகுலா வென்றார், இகா ஸ்வியாடெக் தோற்றார். மூன்றே நாளில் பெகுலா இத்தாலியின் கோச்சியரெட்டோவிடம் 58 நிமிடத்தில் 2-6, 3-6 என்று வீழ்ந்தார். தோற்ற ஸ்வியாடெக் விம்பிள்டன் கோப்பையைத் தூக்கினார். புல்தரை அவருக்கு ஒத்துவராது என்று எத்தனை பேர் எழுதித் தள்ளியிருந்தார்கள்! அதுவரை அங்கே காலிறுதியைத் தாண்டாதவர் என்பது உண்மைதான். அதே மைதானத்தில் 2018-இல் ஜூனியர் பட்டம் வென்றவர் என்பதும் உண்மை. முதல் உண்மை எல்லார் வாயிலும் இருந்தது. இரண்டாவதை நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

முன்கூட்டிச் சொன்னது தவறிப்போவதில் எனக்கு வருத்தமில்லை. விளையாட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். வருத்தம் தருவது, தவறிய பிறகு நடக்கிற பேச்சு. பெரிய பெயர் தோற்றதும் "அவருக்கு மனது சரியில்லை", "கோச்சை மாற்ற வேண்டும்" என்று தோற்றவரைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. வென்றவர் பேச்சில் வருவதே இல்லை. 2012 விம்பிள்டனில் நடாலை இரண்டாம் சுற்றில் வீழ்த்திய லூகாஸ் ரோசோலுக்கு அப்போது உலகத் தரவரிசையில் 100-ஆம் இடம். ஐந்தாவது செட்டை 6-4 என்று முடித்தபோது அவர் அடித்த சர்வீஸ்களை நடால் மட்டுமல்ல, அன்று எவராலும் திருப்பியிருக்க முடியாது. அடுத்த சுற்றில் கோல்ஷ்ரைபரிடம் நேர் செட்களில் தோற்றார் என்பதற்காக அந்த ஐந்து செட்டும் குருட்டு அதிர்ஷ்டம் ஆகிவிடாது. இன்றும் பலருக்கு அது "நடால் தோற்ற ஆட்டம்" மட்டுமே. இது அநியாயம்.

இதைவிடப் பெரிய கோளாறு பெண்கள் ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் இருக்கிறது. 2003 முதல் 2022 வரை விம்பிள்டன் ஆண்கள் பட்டத்தை ஃபெடரர், நடால், ஜோகோவிச், மர்ரி என்ற நால்வர் மட்டுமே பகிர்ந்துகொண்டார்கள். 2017 முதல் 2025 வரை நடந்த எட்டுப் பெண்கள் போட்டிகளில் எட்டு வெவ்வேறு சாம்பியன்கள்; 2023-இல் தரநிலையே இல்லாத வோன்ட்ருசோவா வென்றார். முதலாவதை மகத்துவம் என்கிறோம். இரண்டாவதைக் கேட்டால் "யாரிடமும் நிலைத்தன்மை இல்லை" என்று உதட்டைப் பிதுக்குகிறோம். இரு பிரிவினரும் ஆடுவது ஒரே நீள ஆட்டமல்ல என்பது இந்தப் பேச்சில் வருவதில்லை. ஆண்கள் ஐந்தில் மூன்று செட் வெல்ல வேண்டும்; பெண்கள் மூன்றில் இரண்டு. நீண்ட ஆட்டம் பலசாலிக்கு மீண்டுவர நேரம் தருகிறது.

2025 நான்காம் சுற்றில் டிமிட்ரோவ், சின்னருக்கு எதிராக 6-3, 7-5 என்று முதல் இரண்டு செட்டையும் எடுத்திருந்தார். மூன்றாவது செட் 2-2 என்றிருந்தபோது மார்புத் தசை காயத்தால் விலகினார். மூன்று செட் ஆட்டமாக இருந்தால், பிறகு கோப்பை வென்ற சின்னர் அன்றே வெளியேறியிருப்பார். நாமும் "ஆண்கள் டென்னிஸில் நிலைத்தன்மை இல்லை" என்று பேசியிருப்போம். சென்னை ரசிகர்களுக்கு இந்த வலி பழையது. 1981 விம்பிள்டன் காலிறுதியில் விஜய் அமிர்தராஜ், ஜிம்மி கானர்ஸிடமிருந்து முதல் இரண்டு செட்டையும் பறித்தார், ஐந்தாவதில் தோற்றார். மூன்று செட் கணக்கில் அவர் அரையிறுதிக்காரர்.

பெண்கள் பிரிவில் அதிர்ச்சி அதிகம் என்றால் அதற்கு ஆட்டத்தின் நீளமும் ஒரு காரணம். வீராங்கனைகளின் குணத்தைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஸ்வியாடெக் இறுதியில் அனிசிமோவாவை 6-0, 6-0 என்று வென்றதும் "இதுதானா பெண்கள் டென்னிஸ்" என்ற குரல் மறுபடி எழுந்தது. அதே அனிசிமோவா இரண்டு நாள் முன்பு உலகின் முதல் நிலை வீராங்கனை சபலென்காவை மூன்று செட் போராடி வீழ்த்தியவர் என்பது அதற்குள் மறந்துபோயிற்று.

இத்தனை கவிழ்ந்த ஆண்கள் பிரிவிலும் இறுதியில் மோதியவர்கள் முதல் நிலை சின்னரும் இரண்டாம் நிலை அல்கராஸும்தான். ஆகவே தரநிலைப் பட்டியல் பொய்யல்ல. கோப்பைக்குப் பொருத்தமான சிலரை அது சரியாகவே காட்டுகிறது. முதல் சுற்றில் எதிரே நிற்பவரை மட்டும் அது காட்டாது. அடுத்த முறை டிரா வெளியானதும் உங்களுக்குப் பிடித்த பெயரைத் தேடுங்கள். கூடவே எதிரே எழுதியிருக்கும் பெயரையும் படியுங்கள். அவர் கடந்த மூன்று வாரம் எந்தத் தரையில், எப்படி ஆடினார் என்று பார்த்துவிட்டுப் பேச வாருங்கள்.