சமத்துவப் பொங்கலுக்கு யார் வரி கொடுத்தது?

காவல் நிலைய முற்றத்தில் பானை வைத்துப் பொங்கலிடுவது தென்மாவட்டங்களில் இன்று வழக்கமாகிவிட்டது. ஆய்வாளர் வேட்டி கட்டியிருப்பார். பெண் காவலர்கள் ஒரே நிறச் சேலையில் வந்திருப்பார்கள். எல்லாத் தெருப் பெரிய மனிதர்களுக்கும் அழைப்பு போயிருக்கும். பேரூராட்சி அலுவலகங்களிலும் இதே காட்சிதான். ஃபிளக்ஸில் ‘சமத்துவப் பொங்கல்’ என்றிருக்கும். இதோடு ஆகஸ்ட் 15-இல் அறநிலையத் துறைக் கோவில்களில் பொது விருந்து, அண்ணா நினைவு நாளான பிப்ரவரி 3-இல் மறுபடி பொது விருந்து, ஜனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா, ஏப்ரல் 14-இல் சமத்துவ நாள் உறுதிமொழி. நல்லிணக்கத்துக்கு நாள்காட்டியில் இடம் ஒதுக்கிவைத்திருக்கிறது அரசு. இவற்றால் ஊருக்குள் ஏதாவது நகர்கிறதா?

கேலி செய்துவிட்டுப் போவது எளிது. பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த விழாக்கள் எந்தக் காயத்துக்குக் கட்டாக வந்தன என்று பார்க்காமல் அவற்றை எடைபோட முடியாது.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, தளவாய்புரத்தை ஒட்டிக் கிடக்கும் செட்டியார்பட்டியை எடுத்துக்கொள்வோம். தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி வட்டாரம் நைட்டித் தையலுக்குப் பெயர் போனது. பக்கத்தில் சத்திரப்பட்டி மருத்துவமனைக் கட்டுத்துணிக்கு. ராஜபாளையத்தில் நூற்பாலைகள், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் ராஜுக்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர், பங்குனியில் பெரிய மாரியம்மன் பூக்குழி. மொழி, தொழில், வழிபாடு என்று பன்மைக்கு இங்கே பஞ்சமே இல்லை. தெலுங்குக்கும் தமிழுக்கும் இந்த மண்ணில் வெட்டுக்குத்து நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சண்டைகள் வந்தது வேற்றுமையால் அல்ல, வரிசையால்: யார் மேலே, யார் கீழே, யாருக்கு முதல் மரியாதை, யார் தெரு வழியாகச் சப்பரம் போகலாம். ‘பண்பாட்டுப் பன்மையைக் கொண்டாடுவோம்’ என்று வெளியூர்களிலிருந்து வரும் அழைப்பு இங்கே கொஞ்சம் தடம் மாறி விழுவது இதனால்தான். இங்கே கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. பரிவட்டம் யார் தலைக்கு என்பதில்தான் வழக்கு.

1997-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது அன்றைய தி.மு.க. அரசு. கட்டபொம்மன் படையில் நின்ற வீரர் அவர், பட்டியலினத்தில் உள்ள தேவேந்திரகுலத்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு நின்றது. கல்வீச்சு, தீவைப்பு, உயிரிழப்பு என்று கலவரம் பரவியது. கடைசியில் அரசு என்ன செய்தது? போக்குவரத்துக் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்கள் பெயர்களையே நீக்கிவிட்டது. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது. ஒரு பெயரைத் தாங்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயர்களும் போயின. அமைதி திரும்பியது உண்மை. அந்த அமைதியின் கணக்கில் தோற்றது யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அந்தக் கலவரங்களின் பின்னணியில் பிறந்ததுதான் சமத்துவபுரம். 1998 ஆகஸ்டில் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. நூறு வீடு, நாற்பது பட்டியலினத்தவருக்கு, இருபத்தைந்து பிற்பட்டோருக்கு, இருபத்தைந்து மிகப் பிற்பட்டோருக்கு, பத்து மற்றவருக்கு. சுடுகாடும் பொது. அதில் குறை ஆயிரம் சொல்லலாம். ஆனாலும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருக்க வைத்த திட்டம் அது. சிங்கப்பூரில் விழா, குடியிருப்பு என்ற இரண்டு வழியும் உண்டு. 1964 கலவரத்தின் நினைவாக ஜூலை 21-ஐ 1997 முதல் இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகளில் கொண்டாடுகிறார்கள். அதற்கு எட்டு ஆண்டு முன்பே, 1989-இல், அரசுக் குடியிருப்பின் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு பேர் வரை இருக்கலாம் என்று வரம்பு வகுத்துவிட்டார்கள். குழந்தைகள் பட்டும் பாவாடையும் உடுத்திக்கொண்டு வரும் அந்த ஒருநாள் விழாவுக்கு அடியில் சிமெண்டும் செங்கலும் இருக்கின்றன. பள்ளி விழாவை மட்டும் இரவல் வாங்கினால் நமக்குப் பாவாடை மட்டும்தான் மிஞ்சும்.

இனி, என் வாதத்தின் மையத்துக்கு வருகிறேன். ஊர் அம்மன் கோவில் கொடை எப்படி நடக்கிறது? தலைக்கட்டு வரியால். வீட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் பேசி, நோட்டுப் போட்டு வசூலிப்பார்கள். வரி கொடுத்தவன் கூட்டத்தில் உட்காரலாம், கணக்குக் கேட்கலாம், கிடாய் வெட்டினால் பங்கு வாங்கலாம், அவன் வீட்டு முளைப்பாரி ஊர்வலத்தில் போகும். ஒருவரை ஊர்விலக்கு செய்ய வேண்டுமானால் அடிக்க வேண்டியதில்லை. ‘உன் வரி வேண்டாம்’ என்றால் போதும். எங்கள் வரியை வாங்கச் சொல்லி உத்தரவிடுங்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மனு போடுகிறார்கள். வருமான வரித் துறை கேட்டால் மயங்கி விழும். பணம் கொடுக்கும் உரிமைக்காக வழக்காடும் மக்கள்! இந்த மண்ணில் சேர்த்தி என்பதன் உண்மையான ரசீது அந்த வரி நோட்டில் இருக்கும் பெயர்தான்.

இப்போது சமத்துவப் பொங்கலைப் பாருங்கள். அரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் அலுவலகச் செலவு, அல்லது யாரோ ஒரு கொடையாளி கொடுத்தது. யாரும் வரி கொடுக்கவில்லை. ஆகவே யாருக்கும் அதில் பாத்தியதை இல்லை. எல்லோரும் விருந்தாளிகள். விருந்தாளிகளாக ஒன்றாக உட்காருவதில் ஆதிக்கத் தரப்புக்கு ஒரு நட்டமும் இல்லை. அது அவர்கள் வீட்டுப் பந்தி அல்ல, அரசாங்கத்தின் பந்தி. மறுநாள் ஊர்க் கோவிலில் அதே இரண்டு பேரும் பழைய தூரத்தில் நிற்கலாம். கோவில் பொது விருந்துக்கும் இது பொருந்தும். அமைச்சரும் ஆட்சியரும் இலையில் உட்காருவார்கள், படம் எடுப்பார்கள். அந்தக் கோவிலின் திருவிழாவில் மண்டகப்படி யார் யாருக்கு என்ற பட்டியல் அன்றைக்கு மேசைக்கு வருவதே இல்லை.

‘எல்லாக் கோவிலிலும் எல்லோரிடமும் வரி வாங்க முடியுமா?’ என்று கேட்பார்கள். குலதெய்வக் கோவிலில் கேட்க முடியாது. அது பங்காளிகள் சமாச்சாரம். நான் சொல்வது ஊர்ப் பொதுக் கோவிலை.

விழாவில் மட்டுமல்ல, அமைதிக் கூட்டம் என்ற ஏற்பாட்டிலேயே ஒரு கோளாறு உண்டு. 1957 செப்டம்பர் 10-இல் முதுகுளத்தூரில் அன்றைய ராமநாதபுரம் ஆட்சியர் பணிக்கர் ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். இன்றைய விருதுநகர் மாவட்டமும் அன்று ராமநாதபுரத்துக்குள்தான். தேவேந்திரர்களின் பிரதிநிதியாக இம்மானுவேல் சேகரன் மற்ற தலைவர்களுக்குச் சமமாக அங்கே அமர்ந்தார். எல்லோரும் ஒரே அறிக்கையில் கையெழுத்திடுவதே உரசலாக, தனித்தனி அறிக்கை என்று முடிந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் கொலை செய்யப்பட்டார். அதற்குப் பின் நடந்தவை தமிழக வரலாற்றின் கறுத்த பக்கங்கள். சமமாக உட்காருவது என்பது அலங்கார ஏற்பாடு அல்ல, அதுவே தகராறின் பொருள் என்பதை அந்த ஒரு கூட்டம் காட்டிவிட்டது. அப்படியிருக்க, ‘இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் போக வேண்டும்’ என்று இன்றைய சமாதானக் கூட்டங்கள் தொடங்கும்போது எனக்கு உறுத்துகிறது. ஒரு தரப்பிடம் விட்டுக்கொடுக்க முதல் மரியாதை இருக்கிறது. இன்னொரு தரப்பிடம் விட்டுக்கொடுக்க என்ன இருக்கிறது?

ஆனால், விழாவால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. முன்னால் ஒரு காரியம் நடந்து, அதன் மேல் முத்திரையாக விழா வரும்போது அது வேறு பொருள் பெறுகிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளும் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் பத்தாண்டு தேர்தலையே முடக்கிவைத்திருந்தன. மனு போட ஆளிருக்காது. ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்வார். 2006-இல் மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசி, அக்டோபரில் தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பதவியேற்றார்கள். அதற்குப் பிறகுதான் நவம்பரில் சென்னையில் சமத்துவப் பெருவிழா நடந்தது. மேடையில் ஏறியவர்களின் கையில் ஊராட்சி முத்திரை இருந்தது. அது விழாவில் கொடுத்த சால்வை அல்ல.

மதுரை மாவட்டத்து உத்தப்புரம் இன்னும் சிக்கலான பாடம். தலித் தெருவைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதி 2008 மே 6-இல் இடிக்கப்பட்டது. மூன்றாண்டு கழித்து, 2011 அக்டோபரில், காவல் கண்காணிப்பாளரின் முயற்சியில் இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோவிலுக்குள் நுழைந்தார்கள். மறு தரப்பு அவர்களை வரவேற்றது. நாடே பார்த்த நாள் அது. ஆனால் அரசமரத்தடி வழிபாடு யாருக்கு என்ற தகராறு உள்ளுக்குள் கனன்றது. 2014-இல் மோதல், கோவிலுக்குப் பூட்டு. நுழைவு பேசப்பட்டது, வழிபாட்டின் பங்கு முழுதாகப் பேசித் தீர்க்கப்படவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவித் தேரிலும் இதே முடிச்சுதான்: வடத்தை யார் தொடலாம் என்ற ஒரே கேள்வி அந்தத் தேரைப் பல ஆண்டு நிறுத்திவைத்தது.

விளையாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொங்கல் விழா என்றால் கபடியும் கிரிக்கெட்டும் இல்லாமல் இல்லை. மேட் லோவ் என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் சுமார் 800 இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் போட்டிகள் நடத்தி, அதன் முடிவை 2021-இல் வெளியிட்டார். பல சாதிக்காரர்கள் ஒரே அணியில் ஆடியபோது சாதி கடந்த நட்பு கூடியது. வேறு சாதிக்காரர்களை எதிரணியில் சந்தித்தபோது அப்படிக் கூடவில்லை, மாறாகக் கெட்டது. நம் ஊர்களில் பெரும்பாலும் அணி என்றால் தெரு, தெரு என்றால் சாதி. பனியனில் போட்டிருக்கும் தலைவர் படத்தைப் பார்த்தாலே தெரியும். நல்லிணக்கக் கோப்பை என்று பெயர் வைத்துவிட்டுப் பகையை லீக் முறையில் நடத்துகிறோம். 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிறு பள்ளிக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினால் விளையாட்டு மைதானமும் ஒரு வழியாக இருக்கலாம்.

அசுதோஷ் வார்ஷ்னே ஆறு இந்திய நகரங்களை ஒப்பிட்டு 2002-இல் எழுதிய நூல் இந்து முஸ்லிம் கலவரம் பற்றியது. தெருவில் பார்த்துச் சிரித்துக்கொள்ளும் பழக்கம் நெருக்கடியில் தாங்காது. தொழிற்சங்கம், வணிகர் சங்கம் போன்ற கலந்த அமைப்புகள்தான் தாங்கும் என்பது அவர் கண்டது. சாதிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. சாதியில் மேல்கீழ் வரிசை உண்டு. ஆனாலும் ராஜபாளையம் வட்டாரத்துக்கு அதில் ஒரு சேதி இருக்கிறது. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கியது முதல் பல தெருக்காரர்களும் ஒரே ஷிப்ட் மணிக்கு ஓடிய ஊர் இது. இன்று தளவாய்புரம், செட்டியார்பட்டித் தையல் கூடங்களில் பெண்கள் அடுத்தடுத்த எந்திரங்களில் உட்காருகிறார்கள். நூல் விலை ஏறினால், ஆர்டர் நின்றால், எல்லோருக்கும் ஒரே நாளில் கூலி குறைகிறது. அவர்களுக்கு ஒரு பொதுச் சங்கமோ சேமிப்புக் குழுவோ கலந்து அமைந்தால், பத்துப் பொங்கல் பானைகள் செய்யாததை அது செய்யும் என்பது என் எண்ணம்.

ஆகவே என் தீர்ப்பு இது. காவல் நிலையப் பொங்கல் காவல் துறைக்குப் பயன்படும்: பதற்றம் வந்தால் எந்தத் தெருவில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருக்கும், கூப்பிட்டால் அவர் வருவார். அது சின்ன காரியம் அல்ல. ஓர் இரவுக் கல்வீச்சை அது தடுக்கலாம். அதை நல்லுறவுப் பொங்கல் என்று அழைத்துத் தொடரட்டும். சமத்துவம் என்ற பெயரை அது இன்னும் சம்பாதிக்கவில்லை. தீண்டாமை இல்லாத கிராமத்துக்கு அரசு தரும் பரிசுக்குத் தேர்வு செய்யும் அதிகாரிகள் விழாப் படங்களை ஓரமாக வைத்துவிட்டு, ஊர்ப் பொதுக் கோவிலின் வரி நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். எந்தத் தெருக்களின் தலைக்கட்டுகள் அதில் இருக்கின்றன, கணக்கு வாசித்த கூட்டத்தில் யார் யார் கையெழுத்திட்டார்கள், முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போய்த் திரும்பியது என்று பார்க்க வேண்டும். நோட்டைக் காட்ட மறுக்கும் ஊருக்குப் பரிசு கிடையாது.