எழுதுவோர் பலர், உடையோர் யாவர்?

2006 ஆம் ஆண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் ‘ரைம்’ சஞ்சிகை ‘அவ்வாண்டின் மனிதர்’ எனத் தெரிந்தெடுத்தது அரசரையுமன்று, அறிஞரையுமன்று. ‘நீங்கள்’ என வாசகரையே சுட்டி, அட்டையிற் கண்ணாடி போன்ற தகடொன்றைப் பதித்து வெளியிட்டது. இணையத்தில் வாசிப்போரே எழுதுவோருமாகி, செய்தியும் படமும் பாட்டும் அறிவும் தாமே வழங்கத் தலைப்பட்டமையைப் பாராட்டியே அத்தெரிவு நிகழ்ந்தது. அச்சுக்கூடம் உடையவனே பலர் கேட்கப் பேசவல்லன் என்றிருந்த நிலை மாறிற்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், பலர் கூடி எழுப்பிய மன்றம் எவருடைய நிலத்தில் நிற்கின்றது என்னும் வினா அப்பாராட்டில் விடுபட்டுப்போயிற்று. இத்தளங்களின் எழுச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் பங்குபற்றியோரின் தொகையையே எடுத்துக்காட்டுவர். தொகையைக் கொண்டு உறுதியை அளத்தல் பொருந்தாது. எழுதியோர் வெளியேற நேரின், எழுதியதைத் தம்முடன் கொண்டுசெல்ல இயலுமா என்பதே தக்க அளவுகோல் என்பது எமது கருத்து.

ஜியோசிற்றீஸ் என்னும் தளம் 1994 இல் தோன்றி, விரும்பியோர் யாவரும் இலவசமாகத் தமக்கென ஒரு பக்கம் அமைத்துக்கொள்ள இடந்தந்தது. பக்கங்கள் பொருளுக்கேற்ப அயல்களாகப் பகுக்கப்பட்டன. அமைத்தோர் குடியேறியோர் எனப்பட்டனர். குடியேற்றம் பெயரளவிலேயே இருந்தது. உறுதிப்பத்திரம் எந்தக் குடியின் கையிலும் இல்லை. 1999 இல் யாகூ நிறுவனம் 350 கோடி டொலருக்கு மேற்பட்ட பெறுமதியில் அதனை வாங்கி, 2009 ஒக்ரோபரில் அமெரிக்கத் தளத்தை மூடிவிட்டது. தன்னார்வலர் சிலர் விரைந்து படியெடுத்தமையாலேயே ஒரு பகுதியாயினும் எஞ்சிற்று. மைஸ்பேஸ் தளத்திற் பாடல்களை ஏற்றி வைத்தோரோ, மூன்றாண்டுக்கு முற்பட்ட ஒலிப்பதிவுகள் கிடைக்காமற் போகலாம் என்பதை 2019 இல் ஓர் அறிவித்தலாற் கண்டுகொண்டனர்.

டிக் என்னும் தளத்தின் வரலாறு இவற்றினும் சுவையுடையது. 2004 இல் தொடங்கிய அத்தளத்திற் பத்திராதிபர் இல்லை. பயனர் செய்திகளைச் சுட்டுவர், பிறர் வாக்களிப்பர், வாக்கு மிகுந்தவை முதற்பக்கம் ஏறும். 2007 மே மாதத்தில், திரைப்பட வட்டுகளின் பூட்டைத் திறக்கும் இலக்கத்தொடரொன்றைக் காட்டிய பதிவுகளை நிறுவனம் அகற்றியபோது, பயனர் அதனையே மீண்டும் மீண்டும் இட்டு முதற்பக்கத்தை நிரப்பினர். நிறுவனர் கெவின் றோஸ் பணிந்தார். 2010 ஓகஸ்டில் தளத்தின் அமைப்பு முற்றாக மாற்றப்பட்டு, வெளியீட்டு நிறுவனங்களின் செய்திகள் தாமாகவே நுழைய வழி திறந்தது. பயனர் முன்போலவே கிளர்ந்தனர், இம்முறை பயனில்லை. கூட்டம் ரெடிற் என்னும் மற்றொரு தளத்துக்குப் பெயர்ந்தது. 2012 இல் டிக் 5 இலட்சம் டொலருக்கு விலைப்பட்டதாகச் செய்தி வந்தது.

பயனரே இறுதியில் வென்றனர் என்று இதற்குப் பொருள் கூறுவாருமுளர். அது அரைகுறையான உண்மை. அவர்கள் தம் கால்களைக் கொண்டுசென்றனரேயன்றி, ஆண்டுக்கணக்கில் எழுதிய குறிப்புக்களையும் அளித்த வாக்குகளையும் விட்டே சென்றனர். புகுந்த இடத்திலும் நிலம் பிறருடையதே. 2023 யூனில், வெளிச் செயலிகளுக்கு விதிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் ரெடிற்றில் தம் கதவை அடைத்தன, நிறுவனம் இணங்கவில்லை. மறுவருடம் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. பயனர் எழுதியவற்றைக் கூகிள் நிறுவனம் விலைகொடுத்துப் பயன்படுத்த உடன்படிக்கையும் ஆயிற்று.

விக்கிப்பீடியாவை இவ்வரிசையில் வைத்தெண்ணுதல் வழக்கமாயினும், அது வேறு வகையினது. அதற்கு முன்னோடியான நுப்பீடியா 2000 ஆம் ஆண்டிலே தொடங்கியது. அறிஞர் எழுத, ஏழு படிகளில் ஆராய்ந்து வெளியிடுதல் அதன் முறை. மூன்றாண்டுகளில் முற்றுப்பெற்ற கட்டுரைகள் முப்பதையும் எட்டவில்லை. 2001 யனவரியில் ஜிம்மி வேல்ஸும் லாறி சாங்கரும் எவரும் எழுதவும் திருத்தவுமாகத் தொடங்கிய விக்கிப்பீடியா, ஓராண்டில் ஏறக்குறைய 20,000 கட்டுரைகளைப் பெற்றது. இவ்வளர்ச்சியினும் எமக்குப் பொருளுடையதாகத் தோன்றுவது 2002 இல் நிகழ்ந்த பிரிவு. விளம்பரம் இடம்பெறக்கூடும் என்று அஞ்சிய ஸ்பானிய மொழிப் பங்களிப்பாளர் பலர், கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறி, செவில் பல்கலைக்கழகத்தின் கணினியிலே தனிக் கலைக்களஞ்சியம் நிறுவினர். எவரும் படியெடுக்கலாம் என்னும் கட்டற்ற உரிமமே அவர்க்கு அவ்வலிமையைத் தந்தது. விக்கிப்பீடியாவில் இன்றுவரை வணிக விளம்பரம் இல்லை. வெளியேறியோர், உள்ளே தங்கியோருக்கும் நன்மை செய்தே போயினர்.

குறையற்ற முறை இஃதன்று. 2005 இல் ஜோன் சீகந்தாலர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய்யுரை, ஏறக்குறைய நான்கு மாதம் திருத்துவாரின்றிக் கிடந்தது. பல கண்கள் காணும் என்னும் நம்பிக்கை, கண்கள் உண்மையிலேயே வந்து காணுமிடத்துத்தான் பலிக்கும். இன்று அக்கண்களே குறைகின்றன. வினாவுக்கு விடையை இயந்திரமே தொகுத்துரைப்பதால், மூலப் பக்கத்துக்கு வருவோர் அருகுகின்றனர். மனிதர் பார்த்த பக்கங்கள் முன்னைய ஆண்டைவிட 8 வீதம் குறைந்தன என விக்கிமீடியா நிறுவனம் 2025 இல் அறிவித்தது. வாசகரிலிருந்தே எழுதுவோர் முளைப்பர் ஆதலின், இது சிறு இழப்பன்று. எழுதியோரை நிலக்கிழாரிடமிருந்து காத்த அதே உரிமம், இயந்திரம் அள்ளிச்செல்லவும் வழிவிட்டு நிற்கின்றது. இதற்கு எளிய பரிகாரம் எமக்குப் புலப்படவில்லை.

தமிழை நோக்குமிடத்து எமது அளவுகோலும் போதாதாகின்றது. 1902 இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தை வெளியிட்டபோது, அதன் சிறப்புக்கும் பிழைக்கும் அவர் ஒருவரே பொறுப்பாளர். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் அத்திவாரத்திற் பெரும்பங்கும் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதனின் உழைப்பே. இன்று அங்கே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் உள. அவற்றுள் இரண்டு மூன்று வரிகளோடு நின்றுவிட்டவை பல. தொகையைக் கூறி மகிழ்தல் ஈண்டும் வீண். ஸ்பானியர் பிரிந்துபோகப் போதிய ஆளுடையராயிருந்தனர். தமிழிலோ நாள்தோறும் எழுதித் திருத்துவோர் மிகச் சிலர். அவர் ஓய்ந்தால், கொண்டுசெல்லும் உரிமை இருந்தும் கொண்டுசெல்வார் இலர். எமது ஊர்களைப்பற்றிய பக்கங்கள் சிலவற்றைத் திறந்து பார்ப்பின் இஃது எளிதிற் புலனாகும். ‘தொகு’ என்னும் பொத்தான் மேலே இருக்கின்றது. கீழே, ஊரின் பெயரும் அது அமைந்த மாவட்டமும் மட்டுமே உள.